படிக்கட்டுப் பத்தி

எங்கள் கூடம் நீதிமன்றத்தை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏறி வர முப்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் உண்டு, அதன் கதவில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அந்த அட்டை கிழிந்துபோனதால் போன வருடம் புது அட்டை மாட்டினார்கள். கூடத்தில் ஆறு மேஜைகள், ஆறு கம்ப்யூட்டர்கள், ஒன்றரை பிரிண்டர். இரண்டாவது பிரிண்டர் தாளின் மேல்பாதியை மட்டும் அடித்துவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிடும், அதனால் அது அரை. வக்கீல்கள் கையால் எழுதி அனுப்பும் மனுக்களை அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில்.

மூன்றாம் மேஜை அக்கா இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம் இருப்பவர். சட்டம் படித்ததில்லை. ஆனால் இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் எலும்பு முறிவுகளையும் பாகச் சண்டைகளையும் விரல் வழியாகவே உள்ளே இறக்கியவர். கீழே வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள், முதலில் மேலே வந்து அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வக்கீலைக் கேட்டால் காசு, அக்காவைக் கேட்டால் டீ.

ஒருவர் கையில் கட்டோடு வந்தார். கடையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாராம், நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்டார். விழுந்த இடத்தைப் போட்டோ எடுத்தாரா என்று அக்கா விசாரித்தார். கை உடைந்து கிடக்கும்போது எப்படி எடுப்பது என்று அவருக்குக் கோபம் வந்தது. “இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு?” என்றார் அக்கா, கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு பெண், அம்மாவின் வளையலைத் தன் அக்காள் எடுத்துக்கொண்டுவிட்டாள், வாரிசு வழக்குப் போட வேண்டும் என்று மூச்சு வாங்க வந்தாள். அம்மா எப்போது தவறினார் என்று தேதி கேட்டதற்கு, அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். அம்மாவும் வளையலும் ஒரே நேரத்தில் இருக்கிறவரை அது வாரிசுச் சண்டை ஆகாது, வெறும் சண்டைதான் என்று அக்கா திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் யாருக்கும் ஒரு துரும்புகூடப் போய்ச் சேராதபடி உயில் எழுத வேண்டும் என்று வந்த பெரியவருக்கு, அதற்கு உயில் தேவையில்லை, நாலு இடத்தில் நன்றாகக் கடன் வாங்கி வைத்தால் போதும் என்று வழி சொன்னார். பெரியவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டு போனார்.

எல்லாப் பதிலுக்கும் கடைசியில் ஒரே வால்: “நான் வக்கீல் இல்ல, டைப்பிஸ்ட். போய் வக்கீலக் கேளுங்க.” வக்கீல்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் தாங்களே போட்ட வழக்கின் தேதி மறந்துபோனால் முப்பத்தெட்டுப் படியும் ஏறி அக்காவிடம்தான் வருவார்கள்.

இனி எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை நடந்ததே அதனால்தான்.

மனு என்பது வக்கீல் உட்கார்ந்து யோசித்து எழுதுவது என்று வெளியில் நம்புகிறார்கள். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் அப்படி இருக்கலாம். நடுவில் இருப்பதெல்லாம் மாமூல் பத்திகள். கால் அடிபட்ட வழக்கு என்றால் வக்கீல் தன் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ‘படி’ என்று மட்டும் எழுதி ஒரு வட்டம் போடுவார். அதைப் பார்த்ததும் நாங்கள் “மனுதாரரால் ஒரு படிகூட ஏற இயலாமல், முடங்கிய நிலையில், அன்றாடம் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகிறார்” என்று தொடங்கும் பதினோரு வரிகளை இறக்கிவிடுவோம். அதற்குப் படிக்கட்டுப் பத்தி என்று பெயர். பெற்றவர்களின் சொத்தைக் கேட்கிற வழக்கு என்றால் ஓரத்தில் ‘மருந்து’ என்று இருக்கும். அது மருந்துப் பத்தி: “வாதி இரவு பகல் பாராமல், வேளா வேளைக்கு மருந்து கொடுத்து, கைத்தாங்கலாக நடத்தி, கண்ணின் இமைபோல் காத்து...” டைப்ரைட்டர் காலத்தில் இவையெல்லாம் விரலில் இருந்தன. கம்ப்யூட்டர் வந்தபிறகு அக்கா அவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்தார். ஊரில் உடைந்த கால் எல்லாமே அந்தப் பதினோரு வரியில்தான் நொண்டுகின்றன. எங்களுக்குத் தெரிந்து யாரும் புகார் சொன்னதில்லை.

அடுத்த ரகசியம், நாங்கள் படித்துப் பார்த்து அடிப்பதில்லை. படித்தால் வேகம் போய்விடும். அக்கா இன்னொரு காரணமும் சொல்வார்: படித்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. கண் எழுத்தை வாங்கும், விரல் அடிக்கும், நடுவில் மனதுக்கு வேலை இல்லை. தேதியும் தொகையும் வரும்போது மட்டும் நிறுத்திப் பார்ப்போம்.

அக்காவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எங்கள் எல்லோருக்குமே அவன் தம்பிதான். எங்கள் கட்டட லிஃப்டைப் பார்த்து, விட்டால் அரை நாளில் ஓட்டிக் காட்டுவேன் என்று வருடத்துக்கு இருமுறை சொல்வான், யாரும் விட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, பிரேக் நழுவிக் கூண்டு ஒரு மாடி இறங்கிவிட்டது. வலது முழங்கால் இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு தகடு, ஆறு திருகாணி. வேலை போயிற்று. கம்பெனியின் இன்சூரன்ஸ் மேல் வழக்குப் போட்டான். வழக்கை நடத்தியவர் இருமல் வக்கீல். அவர் ஒவ்வொரு வாதத்துக்கும் நடுவில் இருமுவார். நீதிபதி இரக்கப்பட்டுத் தேதி கொடுப்பார். இரக்கம் கூடக் கூட வழக்கு நீளும். அந்த மனுவை அடித்தது அக்காதான், காசு வாங்காமல். ஓரத்தில் ‘படி’ என்று வட்டம் போட்டிருந்தது. தம்பியின் மனு என்பதற்காக அக்கா ஃபைலைத் திறக்காமல் இல்லை. பதினோரு வரி இறங்கியது.

அவர்களுடைய அப்பாவின் வீடு மாடி வீடு. மேலே அப்பாவும் அக்காவும். கீழே ஒரு மருந்துக் கடைக்காரர் வாடகைக்கு எடுத்து அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார். அப்பா கடைசி ஐந்து வருடம் படுக்கைதான். அக்கா காலையில் அவருக்குத் துடைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குக் கூடத்துக்கு வருவார். மதியம் ஒரு மணிக்கு எழுந்து ஓட்டமாகப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவார். அந்த ஐந்து வருடத்தில் அக்கா மதியம் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

தம்பி வேறு பக்கம் வாடகை வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். ஆனால் விபத்துக்குப் பிறகு மேலே ஏற மாட்டான். படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கத்துவான். அப்பாவுக்குக் காது மந்தம். மேலேயிருந்து, “மழை இல்லப்பா, வெயில்தான்!” என்று பதில் வரும். இப்படி அரைமணி நேரம் நடக்கும். தெருவே வேலையை விட்டுவிட்டுக் கேட்கும். அக்காவுக்கு அது பெரிய குறை. கால்தான் சரியில்லை, ஒருநாளாவது ஏறி வந்து முகத்தைக் காட்டக் கூடாதா என்று எங்களிடம் எரிந்து விழுவார். அவனிடம் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு எட்டு மாதம் வீட்டைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு புதன்கிழமை, தங்கப் பேனா வக்கீலின் குமாஸ்தா ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து அக்கா மேஜையில் போட்டார். தங்கப் பேனா வக்கீலின் கையெழுத்தை எங்கள் கூடத்தில் படிக்கத் தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான். அவருக்கே தெரியாது என்பார்கள். அக்கா வழக்கம்போல் தாளைச் சாய்த்து வைத்து அடிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரத்தில் ‘மருந்து’ என்று வட்டம். பத்தியை இறக்கினார். அடுத்த வரியில் ஒரு தேதி வந்தது, நிறுத்திப் பார்த்தார். அது அவருடைய அப்பா இறந்த தேதி.

அக்கா முதல் பக்கத்தைத் திருப்பினார். வாதி: லிஃப்ட் மெக்கானிக், அவன் முகவரி. பிரதிவாதி: தட்டச்சர், அவர் முகவரி. தன்மேல் வழக்கு வந்திருக்கிறது என்பதைத் தன் விரலிடமிருந்தே தெரிந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் அக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

மனுவின் சாரம் இதுதான். அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே வீட்டில் பாதி அவனுடையது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் மாடி முழுதும் தனக்குத்தான் என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னாராம். ஏன் சொன்னார்? கடைசி ஐந்து வருடம் தினமும் மாடி ஏறி வந்து, இரவு பகல் பாராமல், வேளா வேளைக்கு மருந்து கொடுத்து, கண்ணின் இமைபோல் காத்தவன் அவன்தான் என்பதால். பிரதிவாதி மூன்று மாதத்துக்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு உட்கார்ந்து மீதியையும் அடித்தார். ஒரு எழுத்து மாற்றவில்லை. நான் அடுத்த மேஜையில் இருந்தேன். எப்படி அக்கா முடிகிறது என்று கேட்டேன். வாங்கின வேலையைப் பாதியில் விடுவது வேறு, வழக்கை எதிர்ப்பது வேறு என்றார். ஆனால் அடித்து முடித்த பிறகு அலமாரியைத் திறந்து, தேடி, இன்னொரு பிரதியை எடுத்து மேஜையில் வைத்தார். இருமல் வக்கீல் போட்ட நஷ்டஈட்டு மனு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு படிகூட ஏற முடியாத அதே ஆள், அதே நாட்களில் தினமும் மாடி ஏறி மருந்து கொடுத்திருக்கிறான். இரண்டுமே அக்காவின் ஃபைலிலிருந்து போனவை. அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஃபைலில் பிறந்த பத்திகள், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நின்றன.

இந்த இரண்டு தாளையும் அக்கா எடுத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டில் நீட்டினாலும் தம்பி கதை முடிந்தது. வீட்டு வழக்கில் நீட்டினால் மாடி அக்காவுக்குத் தங்கும். ஆனால் அந்தத் தாள் நடந்து அடுத்த அறைக்குப் போகும். இன்சூரன்ஸ் கம்பெனி பல்லைக் காட்டும். நஷ்டஈடு ஒரு பைசா வராது. கால் போன, வேலை போன தம்பி தெருவில் நிற்பான். நீட்டாமல் இருந்தால் அக்கா தெருவில் நிற்பார். கூடத்தில் மற்ற ஐந்து பேரும் ஐந்து கருத்து சொன்னோம். அக்கா யாருடையதையும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் தம்பியே வந்தான்.

மனு இரண்டாம் மாடியில் தயாராக இருக்கிறது, போய்க் கையெழுத்துப் போடு என்று குமாஸ்தா அவனிடம் சொல்லியிருக்கிறார். அதே மாடியில் இன்னொரு டைப்பிங் கூடமும் உண்டு, மனு அங்கேதான் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். தங்கப் பேனா வக்கீல் தன் வேலையை எங்கள் அக்காவிடம்தான் கொடுக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. லிஃப்ட் பழுது. கைப்பிடியைப் பிடித்து, வியர்த்து ஒழுகி, முப்பத்தெட்டுப் படியும் ஏறிவிட்டான். கூடத்து வாசலில் நின்று மூச்சு வாங்கியவன் நேர் எதிரே அக்காவைப் பார்த்தான்.

“வாடா,” என்றார் அக்கா. “ஒரு படிகூட ஏற முடியாதவன் முப்பத்தெட்டு ஏறியிருக்க. உட்காரு.”

உட்கார்ந்தான். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். அக்கா இரண்டு மனுவையும் அவன் முன் வைத்தார். அவன் படித்தான். அவன் இரண்டையும் முழுதாகப் படித்தது அன்றுதான் முதல் முறை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தான் எதுவும் சொல்லவில்லை, வக்கீல்தான் எழுதினார் என்றான். கீழ்ப் பாதி எப்படியும் வரும், மாடியையும் கேட்டு வைத்தால்தான் பேரத்துக்கு இடம் இருக்கும் என்று வக்கீல் சொன்னாராம்.

“மருந்து யார்டா கொடுத்தது?”

“நீதான்.”

“இமை?”

அவனுக்குப் புரியவில்லை. அக்கா விரலால் வரியைக் காட்டினார். கண்ணின் இமைபோல்.

“அதுவும் நீதான்க்கா.”

“சரி, மாடிய வாங்கி என்ன பண்ணுவ?”

வாடகைக்கு விடலாம் என்றான். வேலை இல்லை, கையில் வருமானம் இல்லை, இருமல் வக்கீல் இருமிக்கொண்டே இருக்கிறார் என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கையெழுத்துப் போடாமல் மனுவை அக்கா பக்கம் தள்ளிவைத்து, நான் போறேன் என்று எழுந்தான். விஷயம் அந்த மட்டில் முடிந்திருக்கும். ஆனால் முதல் மேஜைக்காரர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கீழே, கடைசிப் படிக்கு நேர் எதிரே இருக்கும் பெஞ்சில், குடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்றார்.

குடைக்காரர் என்பவர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். மழை, வெயில், கூரைக்கு அடியில் எதுவானாலும் கக்கத்தில் குடை இருக்கும். கால் நொண்டுகிறவர்கள் கோர்ட்டுக்கு வெளியே எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. கழுத்துப் பட்டை போட்டு வந்த ஒருவர் காக்கையை அண்ணாந்து பார்த்ததை எழுதி வழக்கையே கவிழ்த்தவர். அன்று வேறு எதற்கோ வந்திருக்கிறார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருந்தார். தம்பியின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. தம்பி உட்கார்ந்துவிட்டான்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப் போகலாம் என்றார் ஐந்தாம் மேஜைக்காரர். அவருக்கே இடுப்பில் பெல்ட். போர்வையைப் போர்த்திப் பிணம்போல இறக்கிவிடலாம் என்றார் எங்கள் கூடத்து வாசலில் முத்திரைத்தாள் விற்பவர். “பிணத்துக்கு நஷ்டஈடு அதிகம்தான்,” என்றார் அக்கா, “வாங்கத்தான் ஆள் இருக்காது.” அவர் சாப்பிட்டுப் போகட்டும் என்று காத்திருக்க முடிவாயிற்று. குடைக்காரர் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவினார். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார், முதல் பக்கத்திலிருந்து.

ஒரு மணி ஆயிற்று. தம்பி குடித்த டீ வேலையைக் காட்ட ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தில் கழிப்பறை கீழ்த்தளத்தில் மட்டும்தான்.

அவன் நாற்காலி நுனியில் நெளிவதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஏறி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். பத்து நிமிஷம் இருக்கும் என்றான். அப்படியானால் அப்பா இருந்தபோது ஒருநாளாவது ஏன் ஏறவில்லை என்று கேட்டார். இத்தனை நாளும் எங்களிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவனிடம் கேட்டது அன்றுதான்.

அவன் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தான். நாங்கள் அவசரமாக ஏதோ அடிப்பதுபோல் பாவனை செய்தோம்.

“ஏறிடுவேன்க்கா,” என்றான் மெதுவாக. “இறங்கத்தான் முடியாது.”

முழங்கால் மடங்கும்போது மேலே தள்ள முடிகிறதாம். கீழே இறக்கும்போது உள்ளேயிருக்கும் தகடு பிடித்துக்கொண்டு, கால் தானாக விட்டுவிடுகிறதாம். இரண்டு முறை உருண்டிருக்கிறான். அதனால் எங்கே மாடி ஏறினாலும் இறங்கும்போது உட்கார்ந்து, படி படியாகப் பின்பக்கத்தால் தேய்த்துக்கொண்டுதான் இறங்குவான். மூன்று லிஃப்ட் கம்பெனிகளில் தலைமை மெக்கானிக்காக இருந்தவன். அதை அப்பா பார்க்கக் கூடாது, அக்காவும் பார்க்கக் கூடாது. அதனால் கீழேயே நின்று கத்தினான்.

அக்கா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் பதினோரு வரியில் ஏறுவதைப் பற்றித்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில், நூற்றுக்கணக்கான கால்களில், இறங்குவதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை அடித்ததில்லை. எந்த வக்கீலும் எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

“எழுந்திரு,” என்றார் அக்கா. “நீ எப்படி இறங்குவியோ அப்படியே இறங்கு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

“அவர் இருக்காருக்கா. கேஸ் போயிடும்.”

“போனா போகட்டும். பொய்யாப் போட்டது நான். என் ஃபைல்லேர்ந்து போனது.”

அவன் அசையவில்லை. மாடியைக் கேட்ட கோபத்தில் இதைச் செய்யச் சொல்கிறாயா என்று கேட்டான். அந்தக் கேள்வி அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். மாடி வழக்கில் நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த இரண்டு தாளையும் நான் கோர்ட்டில் நீட்டப் போவதில்லை என்றார். சொல்லிவிட்டுத் தன் அலுவலக நாற்காலியை ஒதுக்கி வழி விட்டார்.

அவனுக்கு டீ முட்டிக்கொண்டு வந்தது. அதுதான் கடைசியில் முடிவு செய்தது என்று முத்திரைத்தாள் விற்பவர் இன்றைக்கும் சொல்வார்.

முதல் இரண்டு படிகள் கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே இறங்கப் பார்த்தான். மூன்றாவதில் முழங்கால் விட்டுவிட்டது. கைப்பிடியில் தொங்கி, உட்கார்ந்தான். அதன்பிறகு, வலது காலை நேராக முன்னால் நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னை இறக்கினான். சட்டை சுவரில் உரசியது. அக்கா இரண்டு படி பின்னால், கையை நீட்டாமல், அவன் வேகத்திலேயே நடந்தார். மேலே நாங்கள் ஐந்து பேரும் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ வழக்கின் கட்சிக்காரர்கள் மேலே ஏறி வந்தவர்கள், அவனைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு அப்படியே சுவரோரம் நின்றார்கள்.

குடைக்காரர் செய்தித்தாளை இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மேல எப்படிப் போனீங்க?” என்றார், அவன் கீழே வந்ததும்.

“ஏறித்தான் போனேன்.”

“மனுவில ஏற முடியாதுன்னு இருக்கே.”

“அது தப்பு,” என்றார் அக்கா பின்னாலிருந்து. “திருத்தம் போடறோம். அத அடிச்சது நான்தான்.”

குடைக்காரர் குடையை ஊன்றி எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். தம்பி எழுந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் நேராகக் கழிப்பறைக்குப் போனான். அந்த நேரத்தில் குடைக்காரர் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதினார் என்பது பிற்பாடு அறிக்கையின் நகல் எங்கள் மேஜைக்கு வந்தபோது தெரிந்தது. கூடவே, “இவ்வளவு நேரம் எடுத்து யாரும் நடிக்க மாட்டார்கள்” என்றும் இருந்தது. அந்த வரிக்காக அவர் கம்பெனியில் ஏச்சு வாங்கியிருப்பார்.

திருத்த மனுவை அக்காவே எழுதி அடித்து, இருமல் வக்கீலிடம் கையெழுத்துக்கு நீட்டினார். பதினோரு வரி ஐந்து வரியாகியிருந்தது. மனுதாரர் படி ஏறுவார், சிரமத்தோடு. இறங்குவது உட்கார்ந்தபடி. முப்பத்தெட்டுப் படிக்கு இருபத்திரண்டு நிமிடம். சாட்சி, எதிர்த்தரப்பின் சொந்த ஆள். இருமல் வக்கீலுக்கு ‘சொல்லொணாத் துயரம்’ போய்விட்டதில் வருத்தம். இருந்தாலும் அடுத்த தேதியில் அவர் இருமுவதற்குள் கம்பெனி சமாதானத்துக்கு வந்துவிட்டது. கேட்டதைவிடக் குறைவு, அதுவரை அவர்கள் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததைவிட நிறைய.

மாடி வழக்கு பதிவாகவே இல்லை. கையெழுத்து இல்லாத மனுவைத் தங்கப் பேனா வக்கீலுக்கு அக்கா அடித்த கூலி ரசீதோடு திருப்பி அனுப்பினார். வீட்டுக்குப் பாகப் பத்திரம் ஒன்று தயாராயிற்று. மாடி அக்காவுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. மருந்துக் கடைக்காரரின் அட்டைப் பெட்டிகள் காலியானதும் அங்கே மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்தான். வாசலிலிருந்து உள்ளே வரை ஒரு படி கிடையாது.

பாகப் பத்திரம் பதியும் இடத்தில் பதிவாளர் முழுதும் படித்துப் பார்க்கிற ரகம். நாலாம் பத்தியில் நின்றுவிட்டார். பெற்றவரைக் கவனித்த விவரம் என்று வழக்கமாக மருந்துப் பத்தி வரும் இடம் அது. அங்கே இரண்டு வரிதான் இருந்தது. முதல் வரியில், தந்தையாருக்குக் கடைசி ஐந்து வருடமும் மருந்தும் உணவும் கொடுத்தது மகள் என்று இருந்தது. இரண்டாவது வரி: “மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் படிக்கட்டின் அடியில் நின்று தந்தையாருடன் உரத்த குரலில் பேசி வந்தார்.”

இதென்ன, இப்படி ஒரு வாசகத்தை நான் பார்த்ததே இல்லையே, எடுத்துவிடலாமா என்று பதிவாளர் கேட்டார்.

“இருக்கட்டுங்க,” என்றான் தம்பி. “நிஜம்தான். தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

அக்காவின் ஃபைலில் ‘படி’ என்ற பத்தி இப்போது இல்லை. கால் வழக்கோடு யார் வந்தாலும், அவர்கள் மேலே வரும்போதே வாசலில் நிற்கும் காவலாளி கடிகாரம் பார்க்கிறார், இறங்கும்போதும் பார்க்கிறார். இரண்டு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மூன்றாம் மேஜைக்கு அனுப்புகிறார். மனு எழுதவே இவ்வளவு கெடுபிடியா என்று வக்கீல்கள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம் இரண்டு காலும் போனதாக நஷ்டஈடு கேட்ட ஒருவர் நாலு நிமிடத்தில் ஏறி, இரண்டு நிமிடத்தில் இறங்கினார். அந்தத் துண்டுத் தாளைப் பார்த்த அக்கா, வேறு மேஜையில் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

தம்பி மாதம் ஒருமுறை வருகிறான், அக்காவோடு டீ குடிக்க. வருவதற்குப் பத்து நிமிடம், போவதற்கு இருபது. எங்கள் லிஃப்டை ஓட்டிக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். விண்ணப்பத்தை அடித்தது அக்கா. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம் அதைப் பரிசீலித்து வருவதாகத் தெரிகிறது. இதற்கிடையில் லிஃப்ட் கதவுக்கு இன்னொரு புது அட்டை வந்திருக்கிறது, இந்த முறை பிளாஸ்டிக்கில்.